கத்தரி கிருமியுடையது, ஊசிநூல் நம்முடையது

எச்ஐவி பற்றிய நம் தொலைக்காட்சிக் கலந்துரையாடலின்போது, பெயர் சொல்ல விரும்பாத நேயர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “ரத்தத்தில் கிருமியே தெரியவில்லை என்கிறார் டாக்டர். அப்புறம் ஏன் நான் மாத்திரையை நிறுத்தக்கூடாது?” நேரம் முடிந்துவிட்டது. அரைகுறையாகப் பதில் சொல்லி விளம்பரத்துக்குப் போய்விட்டோம். மக்கள் தொடர்புத் துறையில் பட்டயம் பெற்ற எனக்கு உயிரியல் தூரத்துச் சொந்தம்தான். ஆனாலும் அந்தக் குரல் மனத்தைவிட்டுப் போகவில்லை. தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் முதல் எச்ஐவி தொற்று 1985ஆம் ஆண்டில் பதிவானது. மறு ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

அந்நாளில் நோயைக் கண்டுபிடிக்க முடிந்ததே தவிர, கட்டுப்படுத்த முடியவில்லை. இங்கே பேடி சியூ 1998ஆம் ஆண்டில் தமக்கு எச்ஐவி இருப்பதைப் பகிரங்கமாகச் சொன்னார். அப்படிச் சொன்ன முதல் சிங்கப்பூரர் அவர். மறு ஆண்டே காலமானார்.

இத்தனைக்கும் 1996ஆம் ஆண்டு வாக்கிலேயே கூட்டு மருந்துகள் வந்திருந்தன. சில ஆண்டுகள் சாப்பிட்டால் கிருமி அடியோடு ஒழியும் என்றுகூட நம்பினார்கள். 1997ஆம் ஆண்டில் அந்த நம்பிக்கை உடைந்தது. மருந்து சாப்பிட்டவர்களின் வெள்ளணுக்களில் கிருமி உறங்கிக்கொண்டிருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அது எப்படி அங்கே தங்குகிறது? தேக்கா நிலையத்தின் மாடியிலுள்ள தையல் கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கிருமி நம் அணுவுக்குள் வந்து தன் மரபுச் செய்தியை டிஎன்ஏவாக மாற்றிக்கொள்கிறது. அதன் ‘இன்டக்ரேஸ்’ என்ற நொதிதான் கத்தரி. நம் டிஎன்ஏவை வெட்டி, கிருமியின் துண்டை அங்கே பொருத்துகிறது. ஆனால் டிஎன்ஏ இரட்டைப் புரி அல்லவா? இன்டக்ரேஸ் ஒவ்வொரு முனையிலும் ஒரு புரியை மட்டுமே இணைக்கும். மற்றப் புரியில், இரு முனைகளிலும் ஐந்தெழுத்து அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டு ஒதுங்கிவிடும். வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிற தையற்காரர் மாதிரி!

மிச்சத்தைத் தைத்துக் கொடுப்பது நம் அணுவேதான். வெயிலாலும் இரசாயனத்தாலும் டிஎன்ஏ சேதமாகும்போது சரிசெய்ய நம்மிடம் பழுதுபார்க்கும் நொதிகள் இருக்கின்றன. ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை நறுக்கும், ஒன்று இடைவெளியை நிரப்பும், ‘லைகேஸ்’ என்பது ஒட்டும். இந்த மூவகை நொதிகளும் சேர்ந்தால் கிருமி விட்டுச்சென்ற இடைவெளி அடைபடுகிறது என்று 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் யோடரும் ஃபிரெடரிக் புஷ்மனும் சோதனைக் குழாயில் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் பிலடெல்பியா ஆய்வாளர்கள் வேறொரு பழுதுநீக்கும் நொதியைச் சுட்டியிருந்தார்கள். அது அவசியம்தானா என்பதில் பின்னர் கருத்து வேறுபாடு எழுந்தது.

சரி, அந்த நொதிகளையே முடக்கினால் என்ன? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முடக்கினால் நம் சொந்தச் சேதங்களும் பழுதுபார்க்கப்படாமல் கிடக்கும். புற்றுநோய்க்குக் கதவைத் திறந்துவிட்டதுபோல் ஆகும். ஆகவே மருந்து கண்டவர்கள் கிருமியின் கத்தரிமேல் கைவைத்தார்கள். இன்டக்ரேஸைத் தடுக்கும் முதல் மருந்தான ரால்டெக்ராவிர் 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தொலைபேசியில் கேட்ட அன்பருக்கு: உங்கள் மருந்து, கிருமி புதிய அணுக்களில் இடம்பிடிப்பதைத் தடுக்கிறது. ரத்தத்தில் தெரியாத அளவுக்கு அது தொடர்ந்து குறைந்திருந்தால், உடலுறவின்மூலம் உங்கள் துணைக்கும் பரவாது. ஆனால் முன்பே தைக்கப்பட்ட துண்டை மாத்திரையால் பிரித்தெடுக்க முடியாது. நிறுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களிலேயே அது விழித்துக்கொள்ளும். தயவுசெய்து, டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.