ஸ்ரீஹர்ஜோவின் ‘போதும்’ கணக்கு

யோக்யகர்த்தா நகரிலிருந்து தெற்கே போனால் இமோகிரி வரும். மாத்தராம் வம்சத்து அரசர்கள் அடக்கமாகியிருக்கும் குன்று அது. அதையொட்டி, ஓயோ ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்ரீஹர்ஜோ. ஜாவாவில் இதுபோன்ற கிராமங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனாலும் இந்தோனேசியக் கிராமப் பொருளாதாரத்தைப் படிப்பவர்கள் இந்த ஊரின் பெயரைக் கடக்காமல் போக முடியாது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மஸ்ரி சிங்காரிம்புன் என்ற மானிடவியலாளரும் டேவிட் பென்னி என்ற வேளாண் பொருளியலாளரும் இங்கே வந்து, ஒரு குடும்பம் கஷ்டமில்லாமல் வாழ எவ்வளவு நிலம் வேண்டும் என்பதை ஊராரின் கணக்கிலேயே பிடிக்கப் பார்த்தார்கள்.

ஊராருக்கு அதற்கென்றே ஒரு சொல் இருந்தது: ‘சுக்குப்பான்’. வசதி என்று பொருளில்லை, போதும், அவ்வளவுதான். அதற்கு 0.7 ஹெக்டேர் நஞ்சையும் 0.3 ஹெக்டேர் வீட்டுக்கொல்லையும் வேண்டும். நம் கணக்கில் ஒன்றேமுக்கால் ஏக்கர் வயல், முக்கால் ஏக்கர் கொல்லை. ஊரில் பெரும்பாலோரிடம் இதில் பாதிகூட இல்லை. 1973-ல் அந்த ஆய்வு நூலாக வந்தபோது, ஜாவாவின் வறுமைக்கு ஒரு முகவரி கிடைத்தது போலாயிற்று.

படித்தவர்கள் எல்லோரும் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண். வயலில் ஏறக்குறைய பாதி அளவுக்கு ஏன் கொல்லை கேட்டார்கள்?

ஜாவானியர் அதை ‘பெகராங்கன்’ என்பார்கள். வீட்டைச் சுற்றி மேலே தென்னை, அதன் கீழே பலாவும் வாழையும், தரையில் மரவள்ளி, சேம்பு, இஞ்சி, மஞ்சள். ஓரத்தில் மூங்கில் புதர். தூரத்திலிருந்து பார்த்தால் வீடே தெரியாது, ஒரு தோப்புதான் தெரியும். வயலில் நெல் அறுவடைக்கு மாதங்கள் காத்திருக்க வேண்டும். கொல்லை நாள்தோறும் கொடுக்கும். ஸ்ரீஹர்ஜோவில் பல வீடுகளுக்கு அந்த அன்றாட வரவு தென்னம்பாளை வழியாக வந்தது. விடியலில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை, மரத்தில் வெட்டிய படிகளில் கால் வைத்து ஆண்கள் ஏறுவார்கள்; பாளையைச் சீவி, மூங்கில் குழாயில் வடிந்த பதநீரை இறக்குவார்கள். பெண்கள் அதை அடுப்பில் வைத்து மணிக்கணக்காகக் காய்ச்சி, பாகு பதத்தில் சிரட்டையில் ஊற்றி வெல்லமாக்குவார்கள். மரமேறுபவன் வழுக்கினால் போவது உயிர். அடுப்புக்கு விறகு தேடுவது தனிப்பாடு. இவ்வளவுக்குப் பிறகும் கையில் மிஞ்சியது அன்றன்றைய அரிசிக்கான காசுதான். ஆனாலும் அந்தக் காசு இல்லாவிட்டால் அடுப்பு எரியாது.

கொல்லை இருப்பவன், இல்லாதவன் என்ற பிரிவு பழைய நிலமுறையிலேயே ஊறியது. ஊரின் வயலில் முழுப் பங்கு உள்ளவன் ‘கூலி கெஞ்செங்’. நம் ‘கூலி’யோடு உறவுடையது என்று பலர் கருதும் அதே சொல்தான், ஆனால் அங்கே அது நிலமற்றவனைக் குறிக்கவில்லை, நிலம் உள்ளவனைக் குறித்தது. அரசனுக்குரிய வெட்டிவேலையை முழுதாகச் சுமப்பவனுக்கே வயலில் முழுப் பங்கு. அவனுக்கு அடுத்தபடியில் பாதிப் பங்குக்காரன். அதற்கும் கீழே கொல்லை மட்டும் உள்ளவன். கடைசியில், அடுத்தவர் கொல்லையில் குடிசை போட்டுக்கொண்டவன். அவனை ‘ங்கிந்துங்’ என்பார்கள். அவன் வாடகையாகப் பணம் தருவதில்லை, ஆனால் கொல்லைக்காரர் வீட்டில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்க வேண்டும்.

அந்த நிலம் யாருடையது என்று ஐரோப்பியர் கேட்கத் தொடங்கியதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1811-ல் பிரிட்டிஷார் ஜாவாவைப் பிடித்தபோது படையோடு வந்தவர் காலின் மெக்கன்சி. தென்னிந்தியாவில் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் திரட்டியவர் என்று நாம் அறிந்த அதே நில அளவையாளர். ஜாவாவின் நில உரிமைகளை விசாரித்த குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். அடுத்து, ஜாவாவின் பிரிட்டிஷ் ஆளுநர் ராஃபிள்ஸ் கொண்டுவந்த நிலவரி, சென்னை மாகாணத்து ரயத்துவாரியின் சாயலில் அமைந்தது. 1816-ல் டச்சுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். வரி மட்டும் நிலைத்தது. அதற்காக எழுதப்பட்ட ஊர்ப் பதிவேடுகளின் வாரிசாக வந்ததுதான் ‘லெட்டர் சி’. யார் பெயரில் எவ்வளவு தீர்வை என்பதற்கான குறிப்பு அது. கிஸ்தி ரசீதைப் பட்டாவாக எண்ணிக்கொள்வது போல, ஜாவாக் குடியானவர்கள் தலைமுறைகளாக அதையே உரிமைப் பத்திரமாக நம்பி வந்தார்கள்.

யோக்யகர்த்தா சுல்தானின் ஆட்சிப்பகுதி. அங்கே கதை வேறு. நிலமெல்லாம் அரசனுடையது, அவன் அதைத் தன் குடும்பத்தாருக்கும் அதிகாரிகளுக்கும் சம்பளத்துக்குப் பதிலாகப் பிரித்துக் கொடுப்பான். விளைச்சலை ஐந்தாக வகுத்தால் நிலம் பெற்ற பிரபுவுக்கு இரண்டு, தண்டல் செய்யும் பெக்கெலுக்கு ஒன்று, உழுதவனுக்கு இரண்டு. பிரபுக்கள் அந்த உரிமையைச் சர்க்கரை ஆலைகளுக்குக் குத்தகைக்கு விட்டபோது உழவன் நிலை இன்னும் மோசமாயிற்று. ஊர் வயலில் பாதி கரும்புக்கு, பாதி நெல்லுக்கு என்று மாறிமாறி ஒதுக்க வேண்டும். ஸ்ரீஹர்ஜோ இருக்கும் பந்துல் வட்டாரத்தில் ஆலைப் புகைபோக்கிகள் வரிசையாக எழுந்தன. 1910-களின் சீர்திருத்தம் இந்த மானிய முறையை ஒழித்தது. 1918-ன் அரசாணை, வேறு உரிமைப் பத்திரம் இல்லாத நிலமெல்லாம் சுல்தானகத்துக்குச் சொந்தம் என்று அறிவித்தது. அதை அனுபவிக்கும் உரிமை ஊருக்குத் தரப்பட்டது. தனி ஆளுக்கு வழிவழியான சொத்துரிமை 1954-ல்தான் உறுதியானது. ஆக, ‘என் நிலம்’ என்ற சொல் சட்டத்தில் ஏறி ஒரு முதியவரின் ஆயுட்காலம்தான் ஆகிறது.

1960-ல் இந்தோனேசியாவின் அடிப்படை நிலச்சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 2 ஹெக்டேராவது இருக்க வேண்டும் என்பது அதே ஆண்டின் இன்னொரு சட்டத்தின் இலக்கு. ஜாவாவில் அவ்வளவு நிலம் எங்கே? ராஃபிள்ஸ் காலத்தில் ஏறக்குறைய 46 லட்சம் பேர் என்று எண்ணப்பட்ட தீவு (அது குறைமதிப்பீடு என்பார்கள்), 1961-ல் 6 கோடியைத் தாண்டியிருந்தது. சட்டம் வைத்த உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தைக் கேட்டு, பக்கத்துக் க்ளாத்தெனிலும் வேறிடங்களிலும் குடியானவர்கள் தாங்களாகவே வயலில் இறங்கினார்கள். கம்யூனிஸ்ட் எதிர்ப்பின் பேரில் நடந்த 1965-66 படுகொலைகளில் அந்தக் குரலும் புதைந்தது. நிலம் கேட்டவன் கம்யூனிஸ்ட் என்று பேராகிவிட்ட பிறகு, எந்த ஏழை வாய் திறப்பான்?

அதன்பின் வந்த மாற்றங்களை யாரும் அறிவிக்கவில்லை, ஒவ்வொன்றாக நுழைந்தன. முன்பெல்லாம் அறுவடைக்கு ஊர்ப்பெண்கள் யாரும் போகலாம். உள்ளங்கைக்குள் மறையும் ‘ஆனி-ஆனி’ என்ற சிறு கத்தியால் கதிர் கதிராகக் கொய்வார்கள். நெல்லின் தெய்வமான தேவி ஸ்ரீ கத்தியைக் கண்டு மிரளக் கூடாதாம். கொய்ததில் ஒரு பங்கு அவர்களுக்கு. அதன் பெயர் ‘பாவோன்’. குட்டை நெல் ரகங்கள் வந்ததும் வியாபாரி நின்ற பயிரையே மொத்தமாக வாங்கி, அரிவாளோடு தன் ஆட்களை இறக்கினான். அரவை ஆலை வந்து உலக்கையையும் ஓய வைத்தது. வயலே இல்லாத வீட்டுக்கும் வயலில் ஒரு கை அரிசி இருந்த காலம் அத்தோடு முடிந்தது.

பாகப்பிரிவினை மிச்சத்தையும் கரைத்தது. ஜாவானிய வழக்கு அதைச் சுமையால் சொல்லும்: ஆண் காவடியில் இருபுறமும் தூக்குவான், பெண் முதுகில் ஒரு மூட்டை சுமப்பாள்; ஆகவே மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. எல்லோருக்கும் சமபங்கு தரும் குடும்பங்களும் உண்டு. பெற்றோரோடு கடைசிவரை இருக்கும் கடைக்குட்டிக்குப் பெரும்பாலும் வீடு. எப்படிப் பிரித்தாலும் வயல் வரப்பாகச் சுருங்கியது; கொல்லையில் தென்னை விழுந்து இன்னொரு வீடு எழுந்தது. பிள்ளைகள் நகரத்துக் கட்டட வேலைக்கும் கடைகளுக்கும் போனார்கள். பின்னாளில் ஊரில் வறுமை தணிந்ததற்கு அந்தச் சம்பளமே பெரிய காரணம். 2006 மே 27 நிலநடுக்கம் பந்துலையே புரட்டிப்போட்டது. இடிந்த வீட்டை அதே மனையில் எழுப்ப, கொல்லை மூங்கிலும் பக்கத்து வீட்டுக் கைகளும் வந்தன.

இப்போது காகிதத்தின் முறை. 2021-ன் அரசு ஒழுங்குமுறை, லெட்டர் சி போன்ற பழைய ஆவணங்களை வைத்திருப்போர் 5 ஆண்டுக்குள் நிலத்தைப் பதிந்துகொள்ள வேண்டும் என்றது. 2023 பிப்ரவரி 3 அன்று நாடெங்கும் ஒரே நாளில் 10 லட்சம் எல்லைக்கற்கள் நடும் இயக்கம் நடந்தது. கல்லை ஊன்றுமுன் இருபுறத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்று, இதுதான் எல்லை என்று ஒப்ப வேண்டும். அதுவரை எல்லை என்பது ஒரு காட்டாமணக்கு வேலி, ஒரு தென்னை, தாத்தா சொன்ன வாக்கு. அடுத்தவர் கொல்லையில் குடியிருக்கும் ங்கிந்துங் குடும்பத்துக்கு ஒப்புக்கொள்ள எல்லை எதுவும் இல்லை. கல் நடும் நாளில் அவர்கள் குழி தோண்ட உதவுவார்கள்.