முகம் ஜெமினியோடது, மூச்சு காருகுறிச்சியோடது

'சிங்கார வேலனே தேவா' பாட்டைக் கேக்காதவங்க நம்மள்ல கம்மி. 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை' படம். திரையில நாதஸ்வரம் வாசிக்கிறது ஜெமினி கணேசன், பாடுறது சாவித்திரி. குரல் எஸ். ஜானகியோடதுன்னு எல்லாருக்கும் தெரியும். சரி, அந்த நாதஸ்வரம் யாரோடது?

சேரன்மகாதேவிக்குப் பக்கத்துல, தாமிரபரணிப் பாசனத்துல இருக்கிற ஊர் காருகுறிச்சி. அங்க 1921-ல பிறந்த அருணாசலம்தான் அதை வாசிச்சவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட சீடர்.

நாதஸ்வரம் திறந்தவெளி வாத்தியம். சுவாமி புறப்பாட்டுல, தவில் முழக்கத்துக்கு நடுவுல, தெருக்கோடி வரைக்கும் கேக்கணும். அதை ஒரு பெண் குரலோட இழைய வைக்கிறது லேசான வேலை இல்ல. அருணாசலத்தோட ஆபேரி அவ்வளவு குழைவா இருக்கும். ஸ்வரம் வேகம் எடுக்கும்போது குரல் எது, நாயனம் எதுன்னு ஒரு கணம் தடுமாறுவோம்.

இப்போ சினிமா இந்தக் கலையை எப்படிக் காட்டுச்சுன்னு வரிசையா பாருங்க. 1940-ல 'கவி காளமேகம்'. நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினமே கதாநாயகன். ஆனா அவருக்குக் கொடுத்தது புலவர் வேஷம்! 1962-ல நாயனம் கதைக்குள்ள வந்துச்சு. வித்வான் திரைக்குப் பின்னாடி போயிட்டார். மணிக்கணக்கா விரியுற ராகம் சில நிமிஷமா சுருங்குச்சு. குருவோட ஊர் ஊரா அலைஞ்சு கத்துக்கிட்ட வருஷங்களுக்கு அங்க இடமே இல்ல.

1968-ல 'தில்லானா மோகனாம்பாள்'. அப்பதான் நாதஸ்வரக்காரரோட ரோஷம், தொழில் போட்டி, பணக்காரங்க தயவுல ஓடுற பிழைப்பு எல்லாம் கதையாச்சு. நடிச்சது சிவாஜி, வாசிச்சது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். அதைப் பார்க்க அருணாசலம் இல்ல. 1964-லயே, நாற்பதுகளோட தொடக்கத்துல, போய்ச் சேர்ந்துட்டார்.

சினிமா அவருக்கு நல்லது பண்ணுச்சா? திருவிழாப் பக்கமே போகாதவங்க வீட்டுக்கும் அவர் வாசிப்பைக் கொண்டுபோச்சு, அது நிஜம். ஆனா அந்த வாசிப்பைக் கேட்டதும் பல பேர் மனசுல வர்றது ஜெமினி முகம், அதுவும் நிஜம்.

அதனால ஒண்ணு பண்ணுங்க. யூடியூப்ல அவரோட கச்சேரிப் பதிவு ஏதாவது ஒண்ணைத் தேடி, ஒரு ஆலாபனையை முழுசா கேளுங்க. நடுவுல தள்ளி ஓட்டாதீங்க. அதுக்கப்புறம் பாட்டுக்குத் திரும்பி வாங்க. இந்தத் தடவை முகம் மாறியிருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.