மெல்ல விழுந்த எடை

தள்ளுகிற விசை இரட்டித்தால் வேகம் ஏறுவதும் இரட்டிக்கும். தள்ளப்படும் பொருளின் நிறை இரட்டித்தால் வேகம் ஏறுவது பாதியாகும். நியூட்டனின் இரண்டாம் விதி என்று நாம் நெட்டுருப் போட்டதன் சாரம் இவ்வளவுதான். 1687-ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிரின்ஸிபியா’ என்ற லத்தீன் நூலில் அவர் இந்த விதியை எழுதி வைத்தார்.

எழுதியாகிவிட்டது, சரி. கண்ணால் பார்ப்பது எப்படி? கையிலிருந்து நழுவும் கல் முதல் வினாடியிலேயே 16 அடி விழுந்துவிடுகிறது. நாம் அளவுகோலை எடுப்பதற்குள் காரியம் முடிந்து போகிறது!

இத்தாலியிலே கலீலியோ இந்த அவசரத்துக்கு ஓர் உபாயம் கண்டிருந்தார். சாய்ந்த பலகையில் வெட்டிய பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருட்டிவிட்டு, ஒழுகிய தண்ணீரை நிறுத்துக் காலத்தை அளந்ததாக 1638-ல் எழுதினார். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. குண்டின் நிறையைக் கூட்டினால் அதை இழுக்கும் விசையும் கூடவே கூடிவிடும். எது எதற்குக் காரணம் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜார்ஜ் ஆட்வுட். அவர் செய்தது ஏறக்குறைய நம் கிணற்றடிச் சமாசாரம்தான். ஒரு கப்பி, அதன் மேல் ஒரு நூல், நூலின் இரு முனையிலும் சம எடை. உராய்வு கணக்கைக் கெடுக்காதபடி கப்பியின் அச்சைச் சிறு சக்கரங்களின் மேல் உட்கார்த்தினார். பக்கத்தில் அங்குலம் குறித்த கம்பம். வினாடி சொல்ல ஓர் ஊசல் கடிகாரம்.

கப்பியின் பங்கையும் சேர்த்து, அசைய வேண்டிய மொத்த நிறை 64 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மட்டும் 1 பங்கு அதிகம். அந்த ஒரு பங்கு இத்தனையையும் இழுக்க வேண்டியிருப்பதால், 16 அடி விழ வேண்டிய முதல் வினாடியில் எடை 3 அங்குலமே இறங்கும். இரண்டு வினாடியில் 12 அங்குலம், மூன்றில் 27. யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

இப்போது லேசான பக்கத்திலிருந்து அரைப் பங்கை எடுத்துக் கனமான பக்கத்தில் வையுங்கள். மொத்தம் மாறவில்லை, வித்தியாசம் மட்டும் 2 பங்காகிறது. முதல் வினாடியில் 6 அங்குலம்! மறுபடி வித்தியாசத்தை 1 பங்காக்கி, இரு பக்கமும் சமமாக ஏற்றி மொத்தத்தை 128 ஆக்குங்கள். ஒன்றரை அங்குலம்தான். விசை வேறு, நிறை வேறு என்பது தெளிவாகிவிடுகிறது.

ஆட்வுட்டின் நூல் 1784-ல் வெளிவந்தது. அவருடைய விரிவுரைகளைக் கேட்டவர்களில் ஒருவரான வில்லியம் பிட் அப்போது பிரதம மந்திரி. அதே ஆண்டு ஆசிரியருக்குச் சுங்க இலாகாவில் ஒரு பதவி கொடுத்தார்.

விதியைக் கண்டவர் நியூட்டன், புகழும் அவருக்கே. ஆட்வுட் புதிய விதி எதையும் காணவில்லை. ஆனாலும் கதை எழுதுகிற எனக்கு அவர் மீது தனி மரியாதை உண்டு. நொடியில் ஓடி மறைவதை நிதானப்படுத்திக் காட்டுவது எங்கள் தொழிலும் அல்லவா? பெரியவர் சொன்னார் என்பதற்காக மாணவன் ஒன்றை நம்ப வேண்டியதில்லை. நீயே எடையை மாற்றிப் போட்டுப் பார் என்று அந்தக் கப்பி சொல்லிற்று. ஓர் ஆசிரியர் அதைவிடப் பெரிதாக என்ன கொடுத்துவிட முடியும்?