ஒடீன், ஓ'டீன் ஆன கதை

இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு முதலில் போன குடும்பம் எது? சிட்னியிலும் மெல்பேணிலும் வாழும் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டதுண்டு. படிப்புக்காகவோ தொழிலுக்காகவோ சென்ற ஒருவராக இருக்கும் என்பது அவர்களது எண்ணம். பதிவேடுகளில் முதலில் அகப்படுபவரோ ஒரு கைதி. மனைவி, பிள்ளைகளுடன் 1816ஆம் ஆண்டில் சிட்னியில் இறங்கிய அவர் பெயர் வில்லியம் ஓ'டீன்.

பெயரைக் கேட்டால் அயர்லாந்துக்காரர் என்றே தோன்றும். உண்மையில் அவர் மலாய்க்காரர். இலங்கையில் பிரித்தானியரின் மலாய்ப் படைப்பிரிவில் 'டிரம் மேஜர்', அதாவது முரசுக் குழுவின் தலைவர். நான் இருக்கும் கிருலப்பனையிலிருந்து சற்றுத் தொலைவில், கொம்பனித்தெருவில் உள்ள மலாய் வீதி இன்றும் அச்சமூகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1803இல் கண்டியைப் பிடிக்கச் சென்ற பிரித்தானியப் படை படுதோல்வி கண்டது. அப்போரில் மலாய்ப் படையினர் பலர் கண்டியரசன் பக்கம் சேர்ந்தனர். ஒடீனும் அவர்களில் ஒருவர். 1815இல் கண்டி வீழ்ந்ததும் அவர் பிடிபட்டார். இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, நியூ சவுத் வேல்சுக்கு நாடுகடத்தப்பட்டார். 'கங்காரு' என்ற கப்பல் அக்குடும்பத்தைக் கொண்டு சென்றது.

அதே 1816இன் தொடக்கத்தில்தான் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டான். நாட்டை இழந்த மன்னனுக்குப் பெயர் மிஞ்சியது. அவனை நம்பிச் சென்ற முரசுக்காரனுக்கு அதுவும் மிஞ்சவில்லை.

'உத்தீன்' என முடியும் முஸ்லிம் பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. ஆங்கில எழுத்தரின் செவியில் அத்தகையதொரு பெயர் ஒடீன் ஆகி, ஐரிஷ் கைதிகள் நிறைந்த சிட்னியில் ஓ'டீன் ஆகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அவருடைய மனைவி சிங்களப் பெண். பதிவில் அவள் 'ஈவ்'. பெற்றோர் இட்ட பெயர் அந்த ஓரசைச் சொல்லுக்குள் மறைந்துவிட்டது.

பின்னாளில் அவரது தாய்மொழியே அவருக்குக் கைகொடுத்தது. வட அவுஸ்திரேலியக் கரைக்குக் கடலட்டை பிடிக்க மக்காசாரிலிருந்து மாலுமிகள் வருவதுண்டு. அவர்களோடு பேசுவதற்காக, 1820களின் இறுதியில் ராஃபிள்ஸ் குடாவிலிருந்த பிரித்தானியக் குடியேற்றத்தில் அவர் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அங்கே எழுதப்பட்ட குறிப்புகளில் அவர் 'ஊடீன்'.

குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் இந்த மூவரும் மூன்று மனிதர்கள். கப்பல், ஆண்டு, படைப்பதவி, தீர்ப்பு என்பவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதே மூவரும் ஒருவராகின்றனர். சென்னை மாகாணத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாடுகடத்தப்பட்ட கைதிகளின் வழிவந்தோரும் இப்படித்தான் தேட வேண்டும். குடும்பப் பெயரென்று ஒன்றில்லாத நம் முன்னோரை வேறெப்படித் தேடுவது?

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தந்தையின் பெயர் இன்று குடும்பப் பெயராகிவருகிறது. நீண்ட பெயர்கள் பாதியாகக் குறுகுகின்றன. யாரும் நம்மை விலங்கிட்டுக் கொண்டுபோகவில்லை; படிவத்தின் கட்டம் போதுமானதாக இருக்கிறது. பாட்டன், பாட்டியின் முழுப்பெயரையும் ஊரையும் பிள்ளைகளுக்கு இன்றே எழுதி வையுங்கள். ஈவின் சொந்தப் பெயரை எழுதிவைக்க அன்று ஒருவரும் இருக்கவில்லை.