துறையும் தூரிகையும்

மட்டக்களப்பு வாவி, நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை எனப் பிரித்தது. துறைகளே அவற்றை இணைத்தன. ஆங்கிலேயராட்சியிற் கல்லடியில் எழுந்த இரும்புப் பாலம் தேசாதிபதி மனிங்கின் மனைவியின் பெயரைப் பெற்றது. தோணி வலித்தோர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை.

மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை, ‘பாதை’ என வழங்கிய மிதவையே மக்களைக் கடத்திற்று. நெல்மூடையோடு உழவரும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரை நாடிய அடியாரும், படுவான்கரைக் கூத்தரும் ஒரே பலகையில் நின்றனர்.

பிரான்சிய ஓவியர் டோமியே 1860களில் மூன்றாம் வகுப்பு இரயிற்பெட்டியிலிருந்த ஏழையரைத் தீட்டினார். அவ்வோவியம் இன்று வரலாற்றுச் சான்றாகவும் மதிக்கப்படுகின்றது. அரசாவணம் பயணிகளின் தொகையைக் கூறும்; களைத்த தோளையும் அருகே உறங்கும் சிறுவனையும் காப்பது ஓவியனின் கோடே.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். அதனால் மேடையிலாடிய கூத்தர் வரலாற்றில் இடம்பெற்றனர். ஒப்பனையின்றித் துறையிற் காத்துநின்ற கூத்தருக்கும், அவரருகே நின்ற பயணிக்கும் அவ்விடம் உரியதன்றோ?

பாலம் பயணத்தை எளிதாக்கியது. அதனைக் குறைகூறுதல் தகாது. ஆயினும் காத்திருப்பு ஒழிந்தபோது, இருகரை மக்களும் ஒருங்கே நின்ற களமும் ஒழிந்தது. அதனை நினைவிற் கொண்ட முதியோர் உள்ளபோதே, அவர் சொற்கேட்டு வரைந்து வைத்தல் வரலாற்று மாணவர் கடனாகும்.