இல்லாத கூட்டத்துக்கு ஒரு பத்திரிகை

1985இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஜே.டி.ஸ் என்ற சிற்றிதழின் முதல் இதழ் வெளிவந்தது. படங்களையும் எழுத்தையும் வெட்டி ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்த தாள்கட்டு அது. தூரத்து ஊரில் உட்கார்ந்து அதைப் புரட்டியவருக்கு டொராண்டோ ஓர் அதிசய நகரமாகத் தெரிந்திருக்கும். தன்பாலீர்ப்புள்ள பங்க் இளைஞர்களும் பெண்களும் அங்கே திரளாக இருக்கிறார்கள், பாட்டுக்குழு நடத்துகிறார்கள், படம் எடுக்கிறார்கள், யாருக்கும் அஞ்சாமல் தெருவில் திரிகிறார்கள் என்றுதான் இதழ் சொன்னது. உண்மையில் அந்தத் திரள், விரல்விட்டு எண்ணக்கூடிய சில நண்பர்கள்தான். அவர்களே எழுதினார்கள், அவர்களே படங்களில் நின்றார்கள், அவர்களைப் பற்றி அவர்களே செய்தி போட்டார்கள்.

ஆசிரியர்கள் இருவர். ஜி.பி. ஜோன்ஸ், ஃபிஃப்த் காலம் என்ற பெண்கள் பங்க் குழுவில் டிரம்ஸும் கிதாரும் வாசித்தவர், ஓவியர். புரூஸ் லாபுரூஸ், யார்க் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்தவர், அதே குழுவின் மேடையில் ஆடியவர். 1985 முதல் 1991 வரை இருவரும் சேர்ந்து கொண்டுவந்தவை மொத்தம் எட்டே இதழ்கள். அவை போன தூரத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் எனக்கு உறுதியாகிறது. இல்லாத ஒரு கூட்டத்தை இருப்பதாக எழுதினார்கள். படித்தவர்கள் நம்பினார்கள். நம்பியவர்கள் சேர்ந்தபோது அந்தக் கூட்டம் உண்மையாகவே உருவாகிவிட்டது. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன்னைப்போல் ஒருவரைக்கூடச் சுற்றுவட்டாரத்தில் காணாத பதினேழு வயதுப் பிள்ளைக்கு, எங்கோ ஓர் ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி உயிர்காக்கும் செய்தி.

எதற்காக இப்படி ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது? இவர்களுக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. ஒரு பக்கம் பங்க் இசை உலகம். எண்பதுகளில் அது ஹார்ட்கோர் என்ற வேகமான, முரட்டு வடிவத்துக்கு மாறியிருந்தது. மேடைக்கு முன்னால் சட்டையைக் கழற்றிய பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளுவார்கள். பெண்கள் ஓரத்தில் ஒதுங்கி நிற்பார்கள். ஆண்களை விரும்பும் ஆண் என்று தெரிந்தால் அடி விழும். இத்தனைக்கும் பங்க்கின் தொடக்கமே வேறு. நியூயார்க்கின் மேக்ஸஸ் கேன்சஸ் சிட்டி விடுதியில் பாடிய ஜெய்ன் கவுன்ட்டி, எழுபதுகளிலேயே பெண்ணாகத் தன்னை அறிவித்துக்கொண்ட பங்க் பாடகர். இங்கிலாந்தின் பஸ்காக்ஸ் குழுவில் ஆண்களையும் பெண்களையும் விரும்பிய பீட் ஷெல்லி இருந்தார். டெக்ஸஸின் டிக்ஸ் குழுவில் கேரி ஃபிளாய்ட் தன்பாலீர்ப்பை மறைக்காமல் பாடினார். பத்து வருடத்துக்குள் இவர்களை எல்லாம் மறந்துவிட்டுப் பங்க் ஆண்பிள்ளைகளின் சொத்தாகிவிட்டது.

மறுபக்கம் நகரத்தின் தன்பாலீர்ப்பாளர் உலகம். 1981 பிப்ரவரியில் டொராண்டோ போலீஸ் ஒரே இரவில் தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் நான்கு குளியல் விடுதிகளில் புகுந்து ஏறத்தாழ 300 பேரைக் கைது செய்தது. அடுத்த இரவே ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கோபத்தில் வலுப்பெற்ற இயக்கத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஜே.டி.ஸ்காரர்கள் கண்ட மதுவிடுதிகளில் வசதியான ஆண்களின் ரசனையே சட்டமாக இருந்தது. கிழிந்த சட்டையும் சாயம் பூசிய தலையுமாகப் போனால் வரவேற்பில்லை. பெண்களுக்கு இடமில்லை. பெண்மை தெரியும் ஆணுக்கும் ஆண்மை தெரியும் பெண்ணுக்கும் ஏளனம்தான் கிடைத்தது. விடுதலை கேட்கும் இடத்திலேயே ஆண் இப்படி, பெண் இப்படி என்ற அச்சு இருந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

இதழில் என்னை அதிகம் நிறுத்துபவை ஜோன்ஸ் வரைந்த பென்சில் படங்கள். டாம் ஆஃப் ஃபின்லாந்து என்ற ஓவியரின் படங்கள் அப்போது மேற்குலகத் தன்பாலீர்ப்பு ஆண்களிடையே மிகவும் புகழ்பெற்றவை. இறுக்கமான தோலுடை, போலீஸ் சீருடை, மோட்டார் சைக்கிள், புடைத்த தசை என்று எல்லாம் ஆண்மயம். ஜோன்ஸ் அதே நிற்பை, அதே சாய்வை, அதே திமிரான பார்வையை எடுத்துப் பெண்களுக்குக் கொடுத்தார். சுவரில் சாய்ந்து சிகரெட் பிடிப்பவள், வண்டியில் கால் போட்டு உட்கார்ந்திருப்பவள், துணிச்சலாக ஏறிட்டுப் பார்ப்பவள். உடல் மாறியதும் படத்தின் அர்த்தமே மாறிவிடுகிறது. டாம் சீருடையை ஆசையோடு வரைந்தவர். ஜோன்ஸின் பெண்களுக்குச் சீருடை மீது எந்த மரியாதையும் கிடையாது. அவர் படங்களில் போலீஸ்காரி வந்தால் அவளை மடக்கிக் கட்டிப்போட்டுவிட்டு வண்டியில் பறந்துவிடுவார்கள். ஜெராக்ஸ் இயந்திரம் மென்மையான சாம்பல் நிறங்களை விழுங்கிவிட்டுக் கோட்டை மட்டும் கறுப்பாகக் கொடுக்கும். நகலின் நகல் எடுக்க எடுக்க முகங்கள் கரடுமுரடாகும். அந்தப் படங்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை. பாலினம் பற்றி இந்த இயக்கம் பின்னால் பாடியதெல்லாம் அந்தப் பக்கங்களில் கருவாக இருக்கிறது என்பேன். ஆணுக்கு எழுதிவைத்த தோரணையை யார் உடலும் போட்டுப் பார்க்கலாம், கழற்றியும் வைக்கலாம்.

இதழ் தபாலில் பயணப்பட்டது. சிற்றிதழ் உலகத்தின் வழக்கப்படி ஒரு பத்திரிகை இன்னொன்றின் முகவரியை அச்சிடும். வாசகர் கடித உறைக்குள் ஒன்றிரண்டு டாலர் தாளை மடித்து வைத்து அனுப்புவார், பதிலுக்கு இதழ் வரும். கனடாவில் இதற்கு ஒரு தடை இருந்தது. தன்பாலீர்ப்பு பற்றிய நூல்களைச் சுங்கத்துறை எல்லையில் பிரித்துப் பார்த்துப் பறிமுதல் செய்வது வழக்கமாக இருந்தது. வான்கூவரின் லிட்டில் சிஸ்டர்ஸ் புத்தகக் கடை இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போராட வேண்டியிருந்தது. ஜோன்ஸின் ஓவியத் தொகுப்பு பிற்பாடு அமெரிக்காவில் அச்சானபோது அதற்கும் அந்தக் கதிதான். சொந்த ஊர்க்காரர் வரைந்த படம் சொந்த நாட்டுக்குள் நுழைய முடியவில்லை.

1988இல் டொராண்டோவில் அரசற்ற சமூகம் வேண்டுவோரின் மாநாடு ஒன்று நடந்தது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்திருந்த டாம் ஜென்னிங்ஸும் டீக் நிஹில்சனும் ஜே.டி.ஸ் ஆட்களை அங்கே கண்டார்கள். ஊர் திரும்பி அதே ஆண்டு சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். ஜே.டி.ஸ் புழக்கத்தில் விட்ட 'ஹோமோகோர்' என்ற பெயரையே அதற்கு வைத்தார்கள். இந்த ஜென்னிங்ஸ் யார் என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 1984இல் ஃபிடோநெட் என்ற வலையமைப்பை உருவாக்கியவர் அவர்தான். வீட்டுக் கணினிகள் இரவில் சாதாரண தொலைபேசி வழியாக ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களைக் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. மையம் இல்லாமல், அனுமதி கேட்காமல், தெரிந்தவர் கையிலிருந்து தெரிந்தவர் கைக்குச் செய்தி போகும் வித்தையை அறிந்தவர் கையில் இந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய பத்திரிகை டொராண்டோவின் நாடகத்தனத்தை விட்டுவிட்டு, எங்கும் பொருந்தாத எவரும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஜோன்ஸும் லாபுரூஸும் மாக்சிமம் ராக்கன்ரோல் பத்திரிகையில் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார்கள். பங்க் உலகத்தில் அந்தப் பத்திரிகை போகாத ஊர் கிடையாது. அவர்கள் அதில் இரண்டு தரப்பையும் விளாசினார்கள். பங்க்காரர்களிடம் உங்கள் புரட்சி ஆண்மைத் திமிரைத் தொடவே இல்லை என்றார்கள், தன்பாலீர்ப்பு இயக்கத்திடம் உங்கள் விடுதலை நல்ல சட்டை போட்டவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள்.

இனி இசைக்கு வருகிறேன். ஜே.டி.ஸ் இதழ்களில் 'ஹோமோகோர் டாப் டென்' என்று ஒரு பாட்டுப் பட்டியல் வரும். வானொலிகளின் வெற்றிப் பாடல் வரிசை போலவே இருக்கும், ஆனால் அதில் வந்தவற்றை எந்த வானொலியும் போடாது. முதலில் வந்தது பட்டியல், பிறகுதான் 1990இல் அதைக் காதால் கேட்க ஒரு கேசட். இந்த வகை இசையின் முதல் தொகுப்பு அதுதான். கனடாவின் ஃபிஃப்த் காலம், ஜூஜூஸ் பெட்டல்ஸ், அமெரிக்காவின் பாம், நிக்கி பாரசைட், இங்கிலாந்தின் அபாஸல்ஸ், அகாடமி 23, நோ பிரெய்ன் செல்ஸ், நியூசிலாந்திலிருந்து கோர்ஸ் என்று குழுக்களின் வரிசை. நியூசிலாந்து! ஐந்து வருடங்களுக்கு முன் சில நண்பர்கள் சேர்ந்து ஒப்பேற்றிய ஒரு கூட்டத்துக்கு இப்போது நான்கு நாட்டு ஆட்கள் இருந்தார்கள். கேசட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு கேசட் போடும் டேப்ரிக்கார்டர் இருந்தால் யாரும் வீட்டிலேயே நகல் எடுத்து நண்பருக்குக் கொடுத்துவிடலாம்.

மறு ஆண்டு ஜே.டி.ஸ் நின்றது. ஆசிரியர்களின் நட்பும் முறிந்தது. அதற்குள் 'ஹோமோ' போய், இன்னும் பலரை உள்ளே விடும் 'குயர்' வந்து, இயக்கத்துக்குக் குயர்கோர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

1991இல் ஜான் ஜினோலி சான் பிரான்சிஸ்கோவில் பான்சி டிவிஷனைத் தொடங்கினார். ஆண்கள் மீதான ஆண்களின் காதலைக் குதூகலமாகப் பாடிய குழு. 1994இல் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த கிரீன் டே தங்களுக்கு முன்னால் பாட அவர்களைக் கூட்டிப்போனது. பெரிய அரங்குகளில் பதின்வயதுப் பிள்ளைகள் முன்னால் நின்று பாடினார்கள். கூச்சலும் வசையும் வந்தன, எறிந்த பொருள்களும் வந்தன. மேடையை விட்டு அவர்கள் இறங்கவில்லை. மேட் வோபன்ஸ்மித்தின் அவுட்பங்க், பத்திரிகையாகவும் இசைத்தட்டு நிறுவனமாகவும் இந்தக் குழுக்களுக்குத் தட்டு போட்டுக் கொடுத்தது.

இந்தப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது டீம் டிரெஷ். டோனா டிரெஷ், ஜோடி பிளெய்ல், கையா வில்சன், மார்சியோ மார்ட்டினஸ் என்று நான்கு பேர். டோனா டிரெஷின் செயின்சா நிறுவனமும் பத்திரிகையாகப் பிறந்து பிறகு தட்டு வெளியிடத் தொடங்கியதுதான். 1995இல் வந்த 'பர்சனல் பெஸ்ட்' தொகுப்பைச் செயின்சாவும் பிளெய்லின் கேண்டி ஆஸ் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டன. பாட்டு வேகமானது, ஆனால் மெட்டு மனதில் நிற்கும். இவர்களுடைய நிகழ்ச்சிகளில் பாட்டுக்கு நடுவே தற்காப்புப் பயிற்சியும் நடக்கும். பிடித்த கையை எப்படி உதறுவது, தாக்க வருபவரை எப்படித் தள்ளுவது என்று வந்திருக்கும் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். அதே ஆண்டு கேண்டி ஆஸ் கொண்டுவந்த 'ஃப்ரீ டு ஃபைட்' தொகுப்போடு ஒரு தற்காப்புக் கையேடும் சேர்த்துக் கொடுத்தார்கள். நிகழ்ச்சி முடிந்து இருட்டுத் தெருவில் தனியாக வீடு போகும் பெண்ணை நினைவில் வைத்துத் தயாரித்த இசைத்தட்டு எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸின் வஜைனல் டேவிஸ் இந்தக் கதையில் தனி ஆள். கறுப்பினத்தவர், இடைப்பாலினராகப் பிறந்தவர், கறுப்பினப் போராளி ஆஞ்செலா டேவிஸின் நினைவாகப் பெயர் வைத்துக்கொண்டவர். எண்பதுகளிலேயே சொந்தமாக ஜெராக்ஸ் பத்திரிகை நடத்தினார், ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் பாடினார். வெள்ளைப் பையன்களின் இசை என்று முத்திரை விழுந்த பங்க்கில் இனத்தையும் பாலினத்தையும் ஒரே மூச்சில் கலைத்துப்போட்டவர் அவர்.

இயக்கத்துக்குள் சண்டையும் இருந்தது. 1994இல் டிரைப் 8 குழு மிஷிகன் மகளிர் இசைவிழாவில் பாட வந்தபோது, அவர்களுடைய மேடைச் செயல்கள் வன்முறை என்று விழாவுக்கு வந்த பெண்கள் சிலர் பதாகை பிடித்தார்கள். குழு அவர்களோடு உட்கார்ந்து பேசியது. இன்னொரு பிரச்சினை பேசியும் தீரவில்லை. பெண்ணாகப் பிறந்தவர்கள் மட்டுமே வரலாம் என்பது அந்த விழாவின் கொள்கையாக இருந்தது. 1991இல் ஒரு திருநங்கையை வெளியேற்றியிருந்தார்கள். டிரைப் 8இன் பாடகர் லின் பிரீட்லவ் பிற்காலத்தில் தன்னைத் திருநராகவே அறிந்துகொண்டார்.

லாரா ஜேன் கிரேஸ் வேறு வழியாக வந்தவர். ஃபுளோரிடாவில் அகென்ஸ்ட் மீ குழுவை 1997இல் தொடங்கி, ஆண் பெயரில் பதினைந்து வருடம் பாடியவர். 2012 மே மாதம் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை வழியாகத் தான் ஒரு பெண் என்று அறிவித்தார். 2014 ஜனவரியில் 'டிரான்ஸ்ஜெண்டர் டிஸ்ஃபோரியா புளூஸ்' வந்தது. முப்பது நிமிடம்கூட ஓடாத பத்துப் பாடல்கள். கண்ணாடியில் தெரியும் உடல், தெருவில் போகிறவர்களின் பார்வை, பெண்ணாகத் தெரிய வேண்டும் என்ற தவிப்பு எல்லாவற்றையும் பங்க்கின் உரத்த குரலிலேயே பாடிய தொகுப்பு. அது பில்போர்டு 200 பட்டியலில் 23ஆம் இடத்தில் நுழைந்தது. 2016 மே மாதம் வட கரோலினாவின் டர்ஹமில் அவர் பாடினார். பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படிதான் பொதுக் கட்டடங்களில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று அந்த மாநிலம் அப்போது சட்டம் போட்டிருந்தது. கிரேஸ் மேடையிலேயே தன் பிறப்புச் சான்றிதழைக் கொளுத்தினார்.

மில்வாக்கியில் 2003இல் தொடங்கிய குயர் ஜைன் ஆவணத் திட்டம் அந்தக் காலத்துத் தாள்கட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து யாரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. 2017இல் யோனி லெய்சர் எடுத்த ஆவணப்படம் குயர்கோரின் கதையை முழுதாகச் சொன்னது.

ஒரு மனத்தாங்கல் மட்டும் எனக்கு இருக்கிறது. லாபுரூஸ் இன்று படவிழாக்கள் அறிந்த இயக்குநர், அவர் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது. ஜோன்ஸ் தன் 'லாலிபாப் ஜெனரேஷன்' படத்தைச் சூப்பர் 8 கேமராவில், காசு கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, பத்தாண்டுக்கு மேல் எடுத்து 2008இல்தான் முடித்தார். குயர்கோர் பற்றிய பல கட்டுரைகளில் அவர் பெயர் இரண்டாவதாக, சிலவற்றில் போகிற போக்கில் வருகிறது. அந்தப் பெண்களை வரைந்த கை அவருடையது. கேசட்டில் ஒலித்த ஃபிஃப்த் காலம் அவருடைய குழு. எட்டு இதழிலும் பாதி உழைப்பு அவருடையது. ஜே.டி.ஸ் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் ஜி.பி. ஜோன்ஸ் என்று எழுதட்டும்.