சர் மேட் பஸ்பி விருது

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கழகம் ஒவ்வொரு சீசன் முடிவிலும் தன் அணியின் சிறந்த வீரருக்கு வழங்கும் விருது. யாருக்கு என்பதை ரசிகர்களின் வாக்குகளே முடிவு செய்கின்றன. கோப்பைகள் குவிந்த ஆண்டுகளைவிட, ஒன்றும் கிடைக்காத ஆண்டுகளில் ரசிகர்கள் யாரைக் கைகாட்டினார்கள் என்பதே இதன் வரலாற்றில் சுவாரசியமான பகுதி.

1987–88 சீசனுக்கான முதல் விருதைப் பெற்றவர் பிரையன் மெக்லேர். ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியிலிருந்து வந்த முதல் ஆண்டிலேயே லீக்கில் 24 கோல் அடித்தார். 1967–68இல் ஜார்ஜ் பெஸ்டுக்குப் பிறகு எந்த யுனைடெட் வீரரும் லீக்கில் 20 கோலைத் தொட்டதில்லை. அப்படிக் காய்ந்து கிடந்த ரசிகர்கள் வேறு யாருக்கு வாக்களித்திருப்பார்கள்?

பஸ்பியின் பெயர் பிறகுதான் சேர்ந்தது. 1945இல் மேலாளராகப் பொறுப்பேற்று, 1958 மியூனிக் விமான விபத்தில் தானும் படுகாயமடைந்து, மீண்டும் அணியைக் கட்டியெழுப்பி 1968இல் ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தவர் அவர். 1994 ஜனவரியில் மறைந்தார். ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தின் வாசலில் நிற்கும் அவரது சிலையின் சிறு வடிவமே வெற்றியாளர் கையில் தரப்படுகிறது.

1993–94இல் எரிக் கன்டோனா வென்றார். மறு சீசனில் கிரிஸ்டல் பேலஸ் ரசிகர் ஒருவரை உதைத்து அவர் தடை பெற்றபோது விருது ஆண்ட்ரே கான்செல்ஸ்கிஸுக்குப் போனது. அந்தக் கோடையிலேயே கான்செல்ஸ்கிஸ் எவர்டனுக்குப் போய்விட்டார். 1995–96இல் திரும்பி வந்த கன்டோனா மீண்டும் வென்றார்.

மூன்று கோப்பைகளை ஒரே சீசனில் வென்ற 1999இல் விருது ராய் கீனுக்கு. டூரின் நகரில் யுவென்டஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அணி 0–2 எனப் பின்தங்கியபோது தலையால் முட்டி முதல் கோலை அடித்தவர் அவர். சிறிது நேரத்தில் மஞ்சள் அட்டை வாங்கினார். அதனால் தடை பெற்று, இறுதி ஆட்டத்தில் ஆடும் வாய்ப்பு கைநழுவியது. அது தெரிந்தும் அவரது ஆட்டத்தின் வேகம் குறையவில்லை. யுனைடெட் 3–2 என வென்றது. இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோல் அடித்த சோல்ஷேரை விட்டுவிட்டு, அதில் ஆடவே முடியாதவரை ரசிகர்கள் தேர்ந்தெடுத்தது சரியான தீர்ப்பு. கீன் அடுத்த ஆண்டும் வென்றார்.

எல்லாத் தேர்வும் அப்படி நிலைக்கவில்லை. 2004–05இல் வென்ற அர்ஜென்டினத் தடுப்பாட்டக்காரர் கேப்ரியல் ஹெய்ன்ஸே, இரண்டே ஆண்டுகளில் ஜென்மப் பகையான லிவர்பூலுக்குப் போக முயன்று விசாரணைக் குழு வரை சென்றார். அது நடக்கவில்லை, ரியல் மாட்ரிட்டுக்குப் போனார்.

பீட்டர் ஷ்மைக்கேல், வான் டெர் சார் போன்ற கோல்கீப்பர்கள் வெற்றி ஆண்டுகளில் ஆடியும் இதை வென்றதில்லை. அலெக்ஸ் ஃபெர்குசன் 2013இல் விலகி அணி தடுமாறத் தொடங்கியதும் டேவிட் டி ஹேயா 2014, 2015, 2016 என மூன்று முறை தொடர்ந்து வென்றார், 2018இல் நான்காவது. 2017 டிசம்பரில் ஆர்சனல் மைதானத்தில் அவர் 14 பந்துகளைத் தடுத்தார், யுனைடெட் 3–1 என வென்றது. கோல்கீப்பருக்கு இத்தனை வேலை இருந்ததென்றால் அவருக்கு முன்னால் நின்ற தடுப்பு வரிசையின் லட்சணம் தெரிந்துவிடும்.

2005–06 முதல் வீரர்களே தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தனி விருதும் உண்டு. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை: 2022இல் ரசிகர்கள் கிறிஸ்டியானோ ரொனால்டோவையும், சக வீரர்கள் டி ஹேயாவையும் தேர்ந்தெடுத்தனர். 2004இல் 19 வயதில் முதன்முதலாக வென்ற ரொனால்டோவுக்கு அது நான்காவது. 2025இல் அணி லீக்கில் 15ஆம் இடத்துக்குச் சரிந்து, யூரோப்பா லீக் இறுதியிலும் டாட்டனமிடம் தோற்றது. அந்த ஆண்டு கேப்டன் புரூனோ ஃபெர்னாண்டஸ் தன் நான்காவது விருதை வாங்கினார்.